பல்லும் கூசும், கண்ணும் கூசும்

ஐஸ்கிரீமைக் கடித்தால் பல் கூசுகிறது. இருட்டறையிலிருந்து உச்சி வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லா என்று தமிழர் யாரும் நின்று யோசித்திருக்க மாட்டோம். ஆங்கிலத்தில் சொல்லப் போனால் பல்லுக்கு ஒரு சொல், கண்ணுக்கு வேறொரு சொல் என்று தேட வேண்டும். கொரிய மொழியில் அந்தச் சிரமம் இல்லை. பல் கூசினாலும் 'ஷிரிதா', கண் கூசினாலும் 'ஷிரிதா'. பனிக்காலத்தில் விறைத்துப்போய் வலிக்கும் விரலுக்கும் முழங்காலுக்கும்கூட அதே ஷிரிதாதான்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து, தமிழும் கொரியமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பார். அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா' என்று நீளும் பட்டியலை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர் குறைவு. இந்த ஆசை புதியதும் அல்ல. கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி, கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு 1905இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் மொழிக்குடும்பம் என்று சொல்ல ஒலிகள் ஒழுங்காக ஒன்றுக்கொன்று ஈடாக வர வேண்டும். அப்படி எதுவும் நிறுவப்படவில்லை. இன்றைய வரலாற்று மொழியியல் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்களைக் குழந்தையின் உதடு உலகம் முழுக்க உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. உறவு இல்லை என்பதுதான் எனக்கு அதிக சுவாரசியம். சொந்தபந்தம் எதுவும் இல்லாத இரண்டு மொழிகள் பல்லையும் கண்ணையும் ஒரே சொல்லால் தொடுகின்றன என்றால், காரணத்தை உடம்பில்தான் தேட வேண்டும்.

ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கும் இடங்களை மட்டும் திரட்டி மொழிகளை ஒப்பிட ஒரு வழி உண்டு. ஜோஷுவா ஜாக்சனும் சகாக்களும் 2,474 மொழிகளில், 20 மொழிக்குடும்பங்களில், உணர்ச்சிச் சொற்கள் எப்படிப் பொருளைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பார்த்து 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். இனிமையா கசப்பா, கொதிப்பா அமைதியா என்ற பாகுபாடு எல்லாக் குடும்பங்களிலும் தெரிந்தது. அதற்கு மேல் குடும்பத்துக்குக் குடும்பம் வலைப்பின்னல் மாறியது. பக்கத்துப் பக்கத்தில் பேசப்படும் மொழிகளின் வலைகள் ஒத்துப்போயின. நிறச் சொற்களில் இவ்வளவு வேறுபாடு இல்லை.

ஷிரிதாவையே கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள். தமிழில் கூச்சம் பல்லிலிருந்து கிளம்பி, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும்போது நெளிவதாகி, கடைசியில் நாலு பேர் முன்னால் பேச வெட்கப்படுவதில் போய் நிற்கிறது. கொரியர் நெஞ்சு ஷிரிதா என்றால் அது ஆறாத துயரம். விலா ஷிரிதா என்று ஒரு இளைஞன் அலுத்துக்கொண்டால், பக்கத்தில் ஒட்டி உட்கார ஒரு காதலி இல்லையே என்று பொருள். தோலில் ஒன்றாக இருந்த சொற்கள் உள்ளே போகப் போகப் பிரிந்துவிடுகின்றன. கொரியச் சொற்களைக் கற்கும் தமிழருக்கு இதைவிடப் பயனுள்ள வரைபடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கொரியத்தை ஆங்கிலப் பாடநூல் வழியாகவே படிக்கிறோம். கையிலேயே இருக்கும் தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு, மொட்டையான ஓர் ஆங்கிலச் சொல்லை நடுவில் நிறுத்தி மனப்பாடம் செய்கிறோம்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே 'ச' வந்தால் ச் ஒலி, 'ஸ' வந்தால் ஸ் ஒலி என்று வைத்துக்கொள்வோம். கொரியத்தில் உதட்டைக் குவிக்காத ஒரு உகரம் உண்டு. வெளிநாட்டு மாணவர்களைப் பாடாய்ப் படுத்தும் அந்த ஒலி நமக்கு 'காசு', 'நாடு' என்ற சொற்களின் கடைசியில் இலவசமாகக் கிடைக்கிறது. குற்றியலுகரத்தைப் படித்துவிட்டு எதற்கு இது என்று கேட்ட மாணவர்களுக்கு இதோ ஒரு பயன்.

அந்த உகரத்தோடு வரும் நான்கு சொற்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்: அப்புதா (வலி, நோவு), கோப்புதா (பசி, வயிற்றைக் குறிக்கும் 'பே' முன்னால் சேர்ந்து பேகோப்புதா), ஸுல்புதா (துக்கம்), கிப்புதா (மகிழ்ச்சி). நான்கும் இயைபு போல ஒலிப்பது தற்செயல் அல்ல. பழைய கொரியத்தில் நோயுறு, பட்டினி கிட போன்ற வினைகளோடு ஒரே விகுதி ஒட்டி இவை பிறந்தன. இன்று அந்த விகுதியைத் தனியே பிரித்துக் காட்டக் கொரியருக்கே அகராதி வேண்டும். உடம்பின் வலி, வயிற்றின் பசி, மனத்தின் துக்கம், மகிழ்ச்சி எல்லாம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன. பேச்சில் அப்புதா 'அப்பாயோ' ஆகும். தலை வலிக்கிறது என்பதற்கு 'மொரிகா அப்பாயோ'. தமிழ்நாட்டில் கட்டை விரலில் இடித்துக்கொண்டவர் கத்துவதும் கிட்டத்தட்ட இதேதான். இது சுத்தமான தற்செயல், ஆனால் மறக்காது.

வலி என்று ஒரு சொல் தெரிந்தால் போதுமா? மருத்துவருக்குப் போதாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். 78 வலிச் சொற்கள், 20 குழுக்கள். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்கிறார் என்பதே நரம்பு வலியா, தசை வலியா என்று யூகிக்க உதவும். சொல் கைவசம் இல்லாத நோயாளி வெறுமனே வலிக்கிறது என்பார், மருத்துவருக்குப் பாதித் தகவல் போய்விடும். 2004இல் தென் கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதித் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த வழியில் போகிறவர்கள் கொரிய மொழித் தேர்வில் தேற வேண்டும். நாள் முழுக்க எந்திரத்தின் முன் நிற்கும் ஒருவருக்குக் கவிதைச் சொற்களைவிட முதுகுக்கும் தோளுக்குமான சொற்கள்தான் முதலில் தேவைப்படும்.

இங்கே தமிழ் தாராளமாகக் கை கொடுக்கிறது. முழங்காலுக்குள் குத்திக் குடைகிறதா? ஸுஷிதா. கையை மடக்கி வைத்துத் தூங்கி எழுந்ததும் மரத்துப்போய் ஊசி ஊசியாகக் குத்தினால் ஜொரிதா. காலையில் வெறும் வயிறு எரிந்தால் ஸுரிதா. விலாவில் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்தால் சுருக்கென்றால் கியொல்லிதா. வெயிலில் தோல் காந்தினாலும், சளி பிடித்துத் தொண்டை குத்தினாலும் தகப்தா. இதில் ஸுஷிதா கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். குச்சியால் குத்துவது, குடைவது என்ற வினைக்கும் கொரியத்தில் இதே ஒலிதான். அகராதி இரண்டையும் தனித்தனிச் சொல்லாகக் காட்டுகிறது. பல் குத்தும் குச்சிக்கு 'இஸுஷிகே' என்று பெயர். காதையும் குடைகிறோம், மூட்டும் குடைகிறது என்று பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சூடும் குளிரும் அப்படித்தான். 'எனக்குக் குளிருது' என்போம். குளத்துத் தண்ணீரில் காலை வைத்துவிட்டு 'தண்ணி ஜில்லுன்னு இருக்கு' என்போம். 'தண்ணி குளிருது' என்று பொதுவாகச் சொல்வதில்லை. கொரியத்தில் முதலாவது சுப்தா, இரண்டாவது சாகப்தா. வெக்கைக்குத் தொப்தா, டம்ளரைத் தொட்டால் சுடுவதற்குத் துகொப்தா. உடம்பு முழுக்க உணர்வது, சூழலில் இருப்பது, விரல் தொட்டு அறிவது என்று மொழிகள் வெப்பத்தை மூன்றாகப் பார்ப்பதை ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த மொழியியலாளர் மரியா கோப்செவ்ஸ்கயா-தாம் பல மொழிகளை வைத்துக் காட்டியிருக்கிறார். அந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கும் ஆங்கிலத்தின் வழியாகப் போகும் மாணவர், பனி பெய்யும் தெருவில் நின்றுகொண்டு 'நான் தொட்டால் சில்லென்று இருக்கிறேன்' என்ற பொருளில் சாகப்தா என்பார். கேட்பவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் ஒரு மனிதரைச் சாகப்தா என்றால் ஈவிரக்கமற்ற ஆள் என்று பொருள்.

காரம் வேறு, சூடு வேறு என்பதிலும் இரு மொழிகளும் ஒன்று. உயிரியல் என்னவோ இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறது. மிளகாயின் கேப்சைசினும் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடும் நரம்பு முனையில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் இந்தக் கதவைக் கண்டுபிடித்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் உறைப்பையும் சூட்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை, கொரியரும் இல்லை.

இரட்டைக்கிளவிக்கு வருவோம். நெஞ்சு படபடவென்று அடிக்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும், கிறுகிறுவென்று சுற்றும், உடம்பு வெடவெடக்கும். கொரியத்தில் நெஞ்சு துகுன்துகுன், தலைவலி ஜிக்குன்ஜிக்குன், தலைசுற்றல் ஒஜில்ஒஜில், காய்ச்சலுக்கு முந்தைய குளிர் நடுக்கம் உஸுல்உஸுல். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்க் டிங்கமான்ஸ 2012இல் இத்தகைய சொற்களுக்கு ஒரு படிக்கட்டை முன்வைத்தார். எல்லா மொழிகளும் முதல் படியான ஓசையில் இருக்கும். சில அசைவுக்கு ஏறும். அதற்கு மேல் காட்சி, பிற புலனுணர்வுகள். உச்சியில் உள்ளுணர்வு, மனநிலை. தமிழும் கொரியமும் உச்சிவரை ஏறிய மொழிகள். இதில் கற்பவருக்கு ஒரு லாபம் உண்டு. டச்சு பேசுவோருக்கு ஜப்பானிய இரட்டைக்கிளவிகளைச் சொல்லிக்கொடுத்து, சிலவற்றுக்கு உண்மைப் பொருளும் சிலவற்றுக்கு நேரெதிர்ப் பொருளும் கொடுத்து ஒரு சோதனை நடந்தது. உண்மைப் பொருளோடு கற்றவை நன்றாகவே நினைவில் தங்கின. சாதாரணப் பெயரடைகளை வைத்துச் செய்தபோது அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. ஒலியே பொருளைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது.

கொரியம் நம்மைவிட ஒரு படி ஒழுங்கானது. சின்ன இருமல் 'கோல்லோக்கோல்லோக்', நெஞ்சுக்கூட்டையே உலுக்கும் இருமல் 'குல்லொக்குல்லொக்'. ஆ, ஓ போன்ற உயிர்கள் இலேசு, சிறிது. ஊ, ஒ போன்றவை கனம், பெரிது. அகராதி முழுக்க இந்த ஏற்பாடு செல்லும். நம் லொக்குலொக்குக்கு இப்படி ஒரு சின்னத் தம்பி கிடையாது. தலை சுற்றுவதற்குக் கொரியத்தில் 'பிங்பிங்' என்ற சொல்லை மூன்று அழுத்தத்தில் சொல்வார்கள், அழுத்தம் கூடக்கூடச் சுற்றல் வேகமாகும். தமிழில் எழுதினால் மூன்றும் பிங்பிங்தான். இதைக் காதுதான் கற்க வேண்டும்.

இதுவரை தோலும் தசையும். இலக்கணம் இனிமேல்தான் முறுக்கிக்கொள்கிறது.

'எனக்குப் பாம்பு பயமா இருக்கு' என்கிறோம். 'அவன் பாம்புக்குப் பயப்படுறான்' என்றும் சொல்கிறோம். முதலாவது உள்ளிருக்கும் நிலை. இரண்டாவது வெளியே தெரியும் நடத்தை. வெட்கமா இருக்கு, வெட்கப்படு; பொறாமையா இருக்கு, பொறாமைப்படு; துக்கமா இருக்கு, துக்கப்படு. கொரியத்தில் இதற்கு நேர் இணை இருக்கிறது: பயமா இருக்கு என்பதற்கு முஸொப்தா, பயப்படு என்பதற்கு முஸொவொஹாதா. நம்முடைய 'படு' நிற்கும் இடத்தில் செய்தல் என்ற பொருளுடைய 'ஹாதா' வந்து நிற்கிறது. ஆங்கிலப் பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் இந்த இரட்டையைத் தமிழர் ஒரு வரியில் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் நமக்கு இது விருப்பம், அவர்களுக்கு இது விதி. 'அவனுக்குப் பயமா இருக்கு', 'பாப்பாவுக்குக் குளிருது' என்று தமிழில் யாருக்காகவும் சொல்லலாம். கொரியத்தில் சுப்தா, முஸொப்தா, ஸுல்புதா போன்ற சொற்களைச் சாதாரணக் கூற்றில் எனக்காக மட்டுமே நான் சொல்ல முடியும். அடுத்தவரிடம் கேள்வியாகக் கேட்கலாம், ஏனென்றால் விடை அவரிடம் இருக்கிறது. மூன்றாமவர் குளிரால் நடுங்கினால் 'சுவொஹாதா' என்று வெளித்தோற்றத்தைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் 'போலிருக்கிறது' என்று ஒரு வால் ஒட்ட வேண்டும். தமிழில் 'குளிர்ப்படுகிறான்' என்று ஒரு சொல் இல்லை; கொரியர் அதையும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அப்புதா மட்டும் கொஞ்சம் தளர்வானது. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்ற பொருளில் மூன்றாமவருக்கும் வரும், நோய் பிறர் கண்ணுக்கும் தெரியுமே!

அடுத்தவர் மனத்துக்குள் நுழைந்து பார்க்க முடியாது என்பதை மெய்யியலாளர்கள் நூற்றாண்டுகளாக விவாதிக்கிறார்கள். இங்கே அது வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானிய மொழியிலும் இதே கட்டுப்பாடு உண்டு. மொழியியலாளர் எஸ்.-ஒய். குரோதா 1973இல் அதை ஆராய்ந்து, நாவல்களில் மட்டும் இந்த விதி தளர்வதைச் சுட்டிக்காட்டினார். கதைசொல்லி எல்லோர் மனத்துக்குள்ளும் போய்வரக்கூடியவர், அவருக்கு அனுமதி தேவையில்லை. கொரிய நாவலிலும் 'அவன் சோகமாக இருந்தான்' என்று எழுதலாம். தேநீர்க் கடையில் அதே வாக்கியத்தை அப்படியே சொன்னால், ஏதோ கதாசிரியர் போலப் பேசுகிறீர்கள் என்று தோன்றும்.

இதனால் கொரியர்கள் பிறர் உணர்வை அதிகம் மதிக்கிறார்கள் என்று ஒரு முடிவுக்குத் தாவ ஆசை வரும். நான் தாவ மாட்டேன். இலக்கணம் எதைச் சொல்லாமல் விட முடியாது என்று கட்டளையிடுகிறது, அவ்வளவுதான். அதைப் பண்பாட்டுச் சான்றிதழாக மாற்றியவர்கள் பலமுறை சறுக்கியிருக்கிறார்கள்.

பண்பாடு வருகிற இடம் வேறு. கொரியரிடம் நாள் முழுக்கக் காதில் விழும் இரண்டு சொற்கள் தப்தப்பாதாவும் ஷிவொன்ஹாதாவும். சன்னல் இல்லாத அறை தப்தப்பாதா. இறுக்கமான சட்டைக் கழுத்து, நகராத போக்குவரத்து, எத்தனை முறை சொன்னாலும் புரிந்துகொள்ளாத மேலாளர், நெஞ்சில் எதுவோ அடைத்த உணர்வு எல்லாமே தப்தப்பாதா. தமிழில் புழுக்கம் என்ற சொல் அறைக்கும் மனத்துக்கும் பொருந்துகிறது, ஆனால் புரிந்துகொள்ளாத மேலாளரை அதில் அடைக்க முடியாது. அடைப்பு திறந்தால் வருவது ஷிவொன்ஹாதா. ஆற்றங்காற்று, அரிக்கும் முதுகைச் சொறிவது, பிடித்துவிட்ட தோள், சொல்ல நினைத்ததைப் போட்டு உடைத்துவிட்ட மனம். குடித்த மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூப்பை உறிஞ்சிவிட்டு ஒரு தாத்தா கண்ணை மூடி ஷிவொன்ஹாதா என்று பெருமூச்சு விடுவார். அகராதியில் குளுமை என்ற பொருளை மட்டும் படித்த மாணவர் கிண்ணத்திலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்துத் திகைப்பார்.

நெஞ்சில் திறக்காமலே போன அடைப்புக்கு ஒரு நோய்ப் பெயரும் உண்டு: 'ஹ்வாபியொங்', தீ நோய். ஆண்டுக்கணக்கில் விழுங்கிய கோபம் நெஞ்சில் அனலாகவும், தொண்டையிலோ மேல் வயிற்றிலோ கட்டியாகவும், ஓயாத பெருமூச்சாகவும் வருவது. நடுவயதுப் பெண்களிடம் அதிகம் பேசப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேட்டின் நான்காம் பதிப்பில் பண்பாடு சார்ந்த நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பட்டியலில் இது இல்லை. பட்டியல் மாறினாலும், நெஞ்சில் அனல் என்று சொல்லிக்கொண்டு வரும் நோயாளி மாறவில்லை.

உள்ளே போகப் போகத் தமிழ் உதவுவது போல உதவிக் காலை வாரும். பங்காளி நிலம் வாங்கினால் வயிறு வலிக்கும் என்று கொரியப் பழமொழி ஒன்று உண்டு. நமக்கு வயிற்றெரிச்சல், அவர்களுக்கு வயிற்று வலி, இரண்டும் பொறாமை. ஆகா என்று இருக்கும். ஆனால் தமிழில் அநியாயம் இழைக்கப்பட்டவருக்கும் வயிறு எரியும். செய்யாத தவறுக்குச் சம்பளம் பிடிக்கப்பட்ட ஒருவர் அதைக் கொரிய வயிற்றால் சொன்னால், பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்றே கேட்பவருக்குப் புரியும். அவருக்கு வேண்டிய சொல் 'ஒகுல்ஹாதா'. நெருங்கியவர் பிறந்தநாளை மறந்துவிட்டால் வரும் மெல்லிய மனத்தாங்கலுக்கு 'ஸொவுன்ஹாதா'. அந்நியர் மறந்தால் அந்தச் சொல் வராது. எதிர்பார்க்க உரிமை உள்ள இடத்தில்தான் அது பிறக்கும்.

இத்தனை சொற்களையும் எப்படி நினைவில் வைப்பது? பாடநூல்கள் ஒரே பக்கத்தில் முப்பது பொம்மை முகங்களை அச்சிட்டு, கோபம், சோகம், பயம் என்று அடியில் எழுதிவிடுகின்றன. பார்க்க அழகு, படிக்க மோசம். தாமஸ் டிங்கம் 1993இல் செய்த சோதனைகளில், பொருளால் நெருங்கிய புதுச் சொற்களை ஒன்றாகக் கற்றவர்கள், தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிடத் தடுமாறினார்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் சொற்களில் எது எது என்று மூளைக்குக் குழப்பம். 1997இல் அவர் மேலும் பார்த்தபோது, ஒரே சூழலில் வரும் வெவ்வேறு வகைச் சொற்கள் எளிதாகப் பதிந்தன. ஆகவே முகங்களைக் கத்தரித்துவிட்டு ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம்.

சியோலின் வடக்கே புக்ஹன்ஸன் மலை, உயரம் 836 மீட்டர், சனவரி மாதம். அடிவாரத்தில் சுப்தா. கையுறையைக் கழற்றிக் கைப்பேசியை எடுத்தால் விரல் ஷிரிதா. பாறையில் சங்கிலியைப் பிடித்து ஏறும்போது நெஞ்சு துகுன்துகுன், முஸொப்தா. உச்சியில் பேகோப்பாயோ. இறங்கி வந்து சூப்புக் கடையில் ஷிவொன்ஹாதா. மறுநாள் காலை கெண்டைக்கால் இறுகிக் கிடக்கும். தமிழர் அந்தத் தசையில் மீனைப் பார்த்தார்கள். கொரியர் காலில் முட்டை வைத்துவிட்டது என்பார்கள். படிக்கட்டில் இறங்கும்போது கூட வந்த நண்பரும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறார். உங்கள் காலுக்கு அப்பாயோ. அவர் காலைக் காட்டி மற்றவரிடம் சொல்வதற்கு, வாலை மறக்காமல், 'அப்புன்கா ப்வாயோ'.